கறுப்பு வெள்ளைக் காவிரி

ஆடிப்பெருக்கு அன்று மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. டிவியில் ஏதோ பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

மகள் இசைவாணிதான் திடீரென்று கத்தினாள். "அம்மா, ஓடி வா. தாத்தா கதை!"

எழில்மொழி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள்.

திரையில் புதுத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. இடுப்பளவு ஆற்றில் ஒருவன் அக்கரைக்குக் கடந்துகொண்டிருந்தான். அவன் தோளில் ஒரு சின்னப் பெண், தலைத்துண்டை இரண்டு கையாலும் பிடித்தபடி சிரித்தாள். நடு ஆற்றில் அவன் நின்று, வேண்டுமென்றே ஒருமுறை தள்ளாடிக் காட்டினான்.

அந்தத் தள்ளாட்டம்கூட அப்படியே இருந்தது.

அப்பா ரெத்தினம் இறந்தபோது எழில்மொழிக்கு நாலு வயது. அப்பாவைப் பற்றி அவளிடம் இருந்தது இந்த ஒரு நினைவுதான். காவிரிக்கரையில் இருக்கும் சொந்த ஊர் குத்தாலத்தில், ஆற்றுக்குத் தண்ணீர் வந்த அன்று, அவளைத் தோளில் வைத்து அக்கரைக்குத் தூக்கிப்போனார்.

கல்யாணமான புதிதில் கணவன் அன்பரசனை அழைத்துப்போய் அந்தப் படித்துறையைக் காட்டினாள். மகள் பிறந்த பிறகு ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் சொன்னாள். துண்டு என்ன நிறம் என்று இசைவாணி கேட்டால் மட்டும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

படம் கறுப்பு வெள்ளை.

அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் இசைவாணி டிவியை அணைத்துவிட்டாள்.

எழில்மொழி தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருடமாகத் தன்னுடையது என்று பத்திரமாக வைத்திருந்தது, பேர் தெரியாத ஒரு நடிகனுடையது. அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த போட்டோதான் வந்தது.

கட்டிலில் படுத்திருந்த அவள் அம்மா அம்சம் தூங்கவில்லை.

"உனக்கு இது தெரியுமாம்மா?"

"தெரியும்டி."

"ஏன் சொல்லல?"

"நீ சொல்றப்பல்லாம் எனக்கும் அவரு ஆத்துல இறங்குன மாதிரியே இருக்கும். அதான்."

அம்சம் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"இந்தப் படம் நம்மூருக்கு வந்த வருசம் அவரால எந்திரிச்சு நிக்கவே முடியல. உன் பெரியப்பாதான் மாட்டுவண்டியில படுக்க வச்சு டென்ட் கொட்டாய்க்குக் கூட்டிட்டுப் போனாரு. மணல்ல, எம்மேல சாஞ்சு உக்காந்துதான் படம் பாத்தாரு."

சுவரிலிருந்த போட்டோவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த இடம் வந்ததும் எங்கேருந்துதான் தெம்பு வந்துச்சோ, மடியில கெடந்த உன்னைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டாரு. மறைக்குதுன்னு பின்னால இருந்தவங்கள்லாம் சத்தம் போட்டாங்க. அந்த ஆளு கரை ஏறுற வரைக்கும் உன்னை இறக்கவே இல்ல."