சரியாகாத போன்

"ஒரு போனுக்கு ஆறு நாளா?"

கடைக்குள் நுழையும்போதே டீச்சர் ஆரம்பித்துவிட்டார்.

போன் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார். "வாங்க டீச்சர். உட்காருங்க."

"உட்கார வரலை. எங்க வீட்டுக்காரர் போன் எங்கே? அவரும் தினமும் வந்து கேக்கறாராம், நீங்களும் நாளைக்கு, நாளைக்குன்னு அனுப்பிடறீங்களாம்!"

"பார்ட்ஸ் வரணும் டீச்சர்..."

"எங்கிருந்து? சந்திரனிலேருந்தா?"

ரிப்பேர்காரர் திருதிருவென்று முழித்தார். இருபது வருஷமாக வகுப்பில் இந்த முழியைப் பார்த்துப் பழகியவர் டீச்சர். விடுவாரா?

"அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கே எந்த லிஃப்ட் மக்கர் பண்ணினாலும் அவருக்குத்தான் போன். இப்ப லீவுல இருக்கார். அவர் இடத்துக்கு வேற ஆளையும் போட்டாச்சு. அப்பவும் ஆபீஸ்லேருந்து ஸ்பேனர் எங்கே, சாவி எங்கேன்னு என் நம்பருக்குக் கூப்பிடறாங்க. நானும் போனைத் தூக்கிட்டு அவர் பின்னாடியே ஓடறேன்."

"ஐயையோ, நீங்க கொண்டுபோய்க் கொடுக்கறீங்களா?" ரிப்பேர்காரர் பதறினார்.

"பின்னே? மனுஷன் அங்கே என்ன பண்றார் தெரியுமா? நாலு நாளா அப்பாவும் பொண்ணும் ஒரு பெட்டிக்குச் சக்கரம் மாட்டறாங்க! இருபது மாடி லிஃப்டை அரை மணியில ஓட வைக்கிறவர்! ஞாயித்துக்கிழமை அவ நர்ஸ் படிப்புக்குக் கிளம்பணும். மூணு வருஷம் ஆகும் திரும்பி வர. வேலை தலைக்கு மேல கிடக்கு. இதுங்க ரெண்டும் கதை பேசிச் சிரிச்சுக்கிட்டு இருக்குதுங்க. நான் போய்ப் போனை நீட்டினாத்தான் நிறுத்துதுங்க."

சொல்லி முடிப்பதற்குள் கைப்பையில் போன் அடித்தது. ஆபீஸ்தான். "வீட்டுக்குப் போனதும் அவர்கிட்ட கொடுக்கறேன் சார்" என்று வைத்தார்.

"இப்ப போனைத் தர்றீங்களா, வேற கடைக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

ரிப்பேர்காரர் பெருமூச்சு விட்டார். இழுப்பறையைத் திறந்து போனை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். பட்டனை அழுத்தினதும் பளிச்சென்று எரிந்தது.

"இது கொடுத்த அன்னைக்குச் சாயங்காலமே ரெடி டீச்சர்."

"அப்போ எதுக்கு அவரை அலைய விட்டீங்க?"

"சார்தான் வச்சிருக்கச் சொன்னார். பொண்ணு கிளம்பினப்புறம் வாங்கிக்கறேன்னார். 'சின்னதுலேருந்து அவ ஏதாவது சொல்ல வருவா, நடுவுல போன் அடிக்கும். அப்புறம் சொல்லும்மான்னுட்டு ஓடிடுவேன். பதினெட்டு வருஷத்துல அவ சொன்னதுல பாதியைத்தான் கேட்டிருக்கேன். இந்தப் பத்து நாளாவது முழுசாக் கேக்கணும்'னார்."

டீச்சரின் குரல் இறங்கிவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"நானும் கேட்டேன். 'ஆபீஸ்ல கேட்டா உண்மையைச் சொல்லிடுவா. அவளுக்குப் பொய்யே வராது'ன்னார். பெருமையாத்தான் சொன்னார் டீச்சர்."

வகுப்பில் ஒரு பிள்ளை பேசும்போது இன்னொன்று குறுக்கே வாய் திறந்தால் எழுப்பி நிறுத்திவிடுகிறவர் டீச்சர். நேற்று மகள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது, நடுவில் போய்ப் போனை நீட்டியவரும் அவர்தான். "பரவாயில்லைப்பா, அப்புறம் சொல்றேன்" என்று அவள் எழுந்து போனது இப்போதுதான் உறைத்தது.

கைப்பையில் மறுபடியும் மணி. ஆபீஸ்.

டீச்சர் எடுக்கவில்லை. போனை அணைத்துக் கணவரின் போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதையும் வச்சுக்குங்க."

"இது நல்லாத்தானே இருக்கு? இதுல என்ன பழுதுன்னு எழுதட்டும்?"

"பெரிசா ஏதாவது எழுதிக்குங்க" என்றார், பொய்யே வராத டீச்சர். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் சரியாகக் கூடாது."