முதல் வெடி

செங்கோடனுக்கும் அவன் மச்சினன் ஆண்டியப்பனுக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கிதான். மரவள்ளிக் காட்டில் பன்றி இறங்கினால் அதுதான் காவல். சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி வந்து ஆண்டியப்பன்தான் வீட்டில் வைத்து மறுபடியும் மருந்து அடைப்பான். அடைத்தவனே முதல் வெடியை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அந்த மலையில் யாரும் மீறாத வழக்கம்.

அன்றைக்கு மட்டும், "நீயே வை மாமா, எனக்குத் தோள் வலிக்குது" என்று துப்பாக்கியை நீட்டினான்.

"அதுக்குள்ள கெழவனாயிட்டியா மாப்ள?" சிரித்துக்கொண்டே வாங்கிய செங்கோடன், விசையை அழுத்தும்போதுதான் திரும்பிப் பார்த்தான். எப்போதும் தோளோடு தோள் நிற்கிறவன், தூரத்துப் பாறைக்குப் பின்னால் தலையைக் கவிழ்த்துக் குந்தியிருந்தான். துப்பாக்கி செங்கோடன் கையிலேயே வெடித்துச் சிதறியது.

ஆஸ்பத்திரியில் இரண்டு கைகளுக்கும் கட்டு. ஆண்டியப்பன்தான் சோறு பிசைந்து ஊட்ட உட்கார்ந்தான்.

"அந்தத் தோட்டாக் கூட்டுல கீறல் இருந்துச்சா மாப்ள?"

"வாயத் தொற மாமா. சோறு ஆறுது."

உருண்டையை நீட்டிய விரல்களின் நகக்கண்ணில் கருமருந்து இன்னும் போகவில்லை. செங்கோடன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அவனுக்கு நல்ல பசி.