வெறும் வயிற்றோடு வந்தவள்

ஜன்னல் வெளிச்சம் எஃகுத் தட்டில் விழுந்து, உறை பிரிக்காத ஊசிகளின் மேல் மினுங்குகிறது. இரத்தப் பரிசோதனைக்கு வருவதுபோல் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாள் முடிதிருத்தும் கடைக்காரி. தோள் இறுகி, வலது கை மார்புக்கு மேல் எழ மறுக்கிறது. "சாப்பிடாம ஊசி போட்டா மயக்கம் வரலாம். இன்னிக்கு வேண்டாம்மா," என்கிறார் அக்குபஞ்சர் மருத்துவர். கூட வந்திருந்த அவள் அண்ணன் சட்டென எழுகிறான். இந்தக் கை இனிக் கத்தரி பிடிக்காது என்று முடிவுகட்டி, அவள் கடைக்கு விலை பேசி, சாவியையும் சட்டைப்பையில் வைத்திருப்பவன். "அப்பவே சொன்னேன்ல? வா, போகலாம்." அவள் நகரவில்லை. அவன் தோள்பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து மடியில் வைத்துத் திறக்கிறாள். "ஏய், அது எனக்குடி!" "கடையையே முழுங்கப் பாத்தவனுக்கு இது எந்த மூலைக்குண்ணே?" கை வாய்வரை எட்டாததால் தலையைக் கைவரை தாழ்த்தி, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிடுகிறாள். மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கைகழுவப் போகிறார்.

சற்று நேரத்தில் அவள் மல்லாந்து படுத்திருக்க, தோளில் முடிபோல மெல்லிய ஊசிகள் நிற்கின்றன. "கனமா இருந்தா பரவாயில்ல. சுருக்குனு வலிச்சா உடனே சொல்லுங்க. இந்தக் கையை அசைக்காதீங்க. ஒரே நாள்ல சரியாகாது. கட்டாயம் சரியாகும்னு சத்தியமும் பண்ண மாட்டேன்." "கேட்டியா?" என்கிறான் அண்ணன். "கேட்டேன்." வலது கை அசையவில்லை. இடது கை மட்டும் அவனை நோக்கி நீண்டு, உள்ளங்கை விரிகிறது. "சாவியைக் குடு." அவன் விரல்கள் சட்டைப்பைக்குள் போகும்வரை அந்தக் கை இறங்கவில்லை.