கட்டிங் மாஸ்டரின் நோட்டு

"முதல்ல பலம் போனது காலா, கையா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

உள்ளே படுத்திருந்தவளின் கணவன் விழித்தான். "காலையில நல்லாத்தானே வேலைக்குக் கிளம்புனா. கம்பெனியில விழுந்துட்டதா போன் வந்துச்சு, ஓடி வந்தேன். வேற ஒண்ணும் தெரியாது டாக்டர்."

"ஒரே நாள்ல இப்படி ஆகாது. எப்ப ஆரம்பிச்சதுன்னு அவங்களைக் கேட்டா நாக்கு குழறுது. மூச்சும் குறைஞ்சுக்கிட்டே வருது. யாராவது கவனிச்சிருப்பீங்களே."

"நான் சொல்றேன்" என்றார் சுவரோரம் நின்றவர். அவள் சூப்பர்வைசராக இருக்கும் தையல் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்துப் படித்தார். "மூணாம் தேதி வயித்துப்போக்கு, காய்ச்சல்னு ரெண்டு நாள் லீவு. பதினாலு, பாதம் மரத்துப்போச்சுன்னு செருப்பைக் கழட்டித் தேய்ச்சாங்க. பதினஞ்சு, கைப்பிடியைப் புடிச்சு மாடி ஏறினாங்க, நாலு நிமிஷம். பதினாறு, ஸ்டூல்லேருந்து எந்திரிக்க மேஜையை ஊணினாங்க. நேத்து கத்தரிக்கோல் ரெண்டு தடவை நழுவி விழுந்துச்சு."

கணவனுக்கு வயிறு எரிந்தது. ஒரே வீட்டில் இருக்கும் தனக்குத் தெரியாத பாதம் இவருக்கு எப்படித் தெரிந்தது? நாலு நிமிஷமாம், கடிகாரம் வேறு பார்த்திருக்கிறார். போன மாதம் அவள் மூக்குக்கண்ணாடி மாற்றியதையே அவன் ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தான்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "முட்டியில தட்டினப்போ கால் அசையவே இல்ல. இப்பப் புரியுது. வயித்துல வந்த கிருமியோட சண்டை போட்ட எதிர்ப்பு சக்தி, இப்ப நரம்பையே தாக்குது. பலவீனம் கால்லேருந்து மேல ஏறுது. டெஸ்டும் எடுக்கிறேன், மருந்தும் உடனே ஆரம்பிக்கணும். வெறும் அசதின்னு வீட்டுக்கு அனுப்பியிருந்தா மூச்சே நின்னிருக்கும்."

உள்ளே போகத் திரும்பியவர் கட்டிங் மாஸ்டரைப் பார்த்து, "இவ்வளவு அக்கறையா யாரும் குறிச்சு வச்சு நான் பார்த்ததில்லை" என்றார்.

அந்த வார்த்தை கணவனைச் சுட்டது. கதவு மூடியதும் கையை நீட்டினான்.

"நோட்டைக் குடுங்க சார்."

"அதான் படிச்சிட்டேனே." அவர் கட்டைவிரல் முதல் பக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தது. முகமெல்லாம் வேர்வை.

"என் பொண்டாட்டி நடக்கிறதை, உக்கார்றதை எல்லாம் எழுதி வச்சிருக்கீங்க. அவ உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். இது போதாதா? வெடுக்கென்று நோட்டைப் பிடுங்கினான். காதல் கவிதைதான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திருப்பினான்.

இன்றைய தேதி போட்டு, குண்டு குண்டான எழுத்தில் இருந்தது:

'மானேஜர் அவர்களுக்கு, எனக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் பதவியைத் தட்டிப் பறித்துக்கொண்டு, வேலை செய்யாமல் உடம்புக்கு முடியாதது போல் நடிப்பவரின் நாள்வாரி விவரம் கீழே. இவரை உடனே நீக்கும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'