பியோனா எத்தனையாம் பக்கம்?

“மூண்டு மெஷின் சும்மா கிடக்கு. அவங்கள ஏன் தம்பி நிக்க வெச்சிருக்கிறாய்?”

வினாயகமூர்த்தி கேட்டே விட்டார். கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கனடாவில் இருக்கும் மகளோடு பேச மின்ஹாஜின் இன்டர்நெட் கடைக்கு வருவார். கண்ணில் பட்ட அநியாயத்தைக் கேட்காவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

“மூலையில உள்ளது இப்ப காலியாகிடும் சேர். அங்கிளுக்கு அதுதான் சரி” என்று மின்ஹாஜ் மழுப்பினான்.

ஹேர்பர்ட்டும் மனைவி மவுறீனும் சுவரோரம் நின்றார்கள். நாவற்குடாவில் இருக்கும், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர்கள். சுனாமியில் அவர்களுடைய ஒரே மகள் பியோனா போய்விட்டாள். அப்போது ஐந்து வயது. கிடைக்கவே இல்லை என்பதுதான் ஊருக்குத் தெரிந்த கதை.

யாரோ தூக்கிப் போய் வளர்க்கிறார்கள் என்பது மவுறீனின் நம்பிக்கை. யுத்தம் முடிந்து பாதையெல்லாம் திறந்த பிறகு, மின்ஹாஜைக் கொண்டு மகளுக்கு ஒரு வெப்சைட் செய்வித்தாள். படம், பெயர், தாய் தகப்பன் பெயர், தொலைபேசி எண்.

“இப்ப பெரிய புள்ள. தன்ட பேரை ஒரு நாளைக்காவது அடிச்சுப் பாப்பாள்தானே” என்பாள்.

ஆனால் பியோனா என்று அடித்தால் உலகத்துப் பியோனாக்கள் எல்லாம் வந்து நின்றார்கள். இவர்களுடைய பியோனாவைக் காணவில்லை. ஹேர்பர்ட் கடை அதிரக் கத்துவார்.

“பாட்டுப் படிக்கிற பியோனா முன்னுக்கு! சவர்க்காரத்துக்கும் பியோனாவாம், அதுவும் முன்னுக்கு! என்ட புள்ள மட்டும் கடைசிப் பக்கமா? இதுக்கா வெப்சைட் செய்தனீ?”

மின்ஹாஜும் செய்யாத வித்தை இல்லை. சொற்களை மாற்றினான், படங்களைக் கூட்டினான், இணைப்புக் கொடுக்கச் சொல்லிப் பெரிய தளங்களுக்கெல்லாம் எழுதிக் கெஞ்சினான். தேடுபொறி அசையவில்லை. பிறகு திடீரென்று ஒருநாள் பியோனா முதல் பக்கத்துக்கு வந்தாள். அதற்குப் பிறகுதான் ஹேர்பர்ட்டின் சத்தம் அடங்கியது.

மூலைக் கொம்பியூட்டர் காலியானது. மவுறீன் உட்கார்ந்து ஒற்றை விரலால் மகளின் பெயரை அடித்தாள். முதல் வரியிலேயே வந்தது.

“முதலாவது, ஹேர்பர்ட்.”

“ஓம். நான் சொன்னன்தானே.”

படத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். இருவரும் வெளியே போனார்கள்.

வினாயகமூர்த்திக்குக் கை சும்மா இருக்கவில்லை. தன் கொம்பியூட்டரில் அதே பெயரை அடித்தார். முதல் பக்கத்தில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. தட்டித் தட்டி விரல்தான் நொந்தது.

“தம்பி, இதென்ன கள்ள வேலை?”

மின்ஹாஜ் பதறிக்கொண்டு கிட்ட வந்தான்.

“மெதுவாப் பேசுங்க சேர். அந்த மூலை மெஷின்ல மட்டும்தான் அப்படி வரும். நாம கூடத் திறந்து பாக்கிறது எதுவோ, அதை அது முன்னுக்கு வெச்சுக் காட்டும். காலையில கடை திறந்த உடனே அதில பியோனா எண்டு அடிச்சு, எங்க கிடந்தாலும் தேடிப் புடிச்சுத் திறப்பன். திரும்பத் திரும்பத் திறப்பன். எனக்கு வேற வழி தெரியல்ல சேர்.”

“நல்ல மனசுதான். ஆனாப் பொய் பொய்தானே? உலகமே தன்ட புள்ளயப் பாக்குது எண்டு ஒரு தகப்பன் நம்பிக்கொண்டு திரியிறான். இது பாவமில்லையா?”

மின்ஹாஜ் மூலை மெஷினைத் துடைக்கப் போய்விட்டான்.

வினாயகமூர்த்தி விறுவிறுவென்று வெளியே வந்தார். கடையை ஒட்டிய வாவிக் கரையில் மோட்டார் சைக்கிளோடு ஹேர்பர்ட் தனியே நின்றார். மவுறீன் எதிரில் இருந்த பேக்கரிக் கடைக்குப் பாண் வாங்கப் போயிருந்தாள். நல்லதாகப் போயிற்று என்று, வந்த விசயத்தை ஒளிக்காமல் சொன்னார்.

ஹேர்பர்ட்டுக்குக் கோபம் வரவில்லை.

“தெரியும் சேர். கொழும்புக்குப் போன நேரம் அடிச்சுப் பாத்தன். அங்க அவள் இல்ல. மின்ஹாஜ் ஏதோ செய்யிறான் எண்டு அப்பவே விளங்கிட்டு.”

“தெரிஞ்சும் சும்மா இருக்கிறீங்களா? அப்ப முந்தி ஏன் அந்தக் கத்துக் கத்தினீங்க?”

“முதலாவதா வந்தாத்தான் மவுறீன் வீட்ட போய்ச் சாப்பிடுவாள் சேர். வராட்டி அண்டைக்குப் பட்டினிதான்.”

“அதுக்காக? உண்மையில அந்தப் புள்ள எங்கயாவது இருந்து தேடினா என்ன செய்யிறது?”

ஹேர்பர்ட் எதிர்க் கடையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அவள் தேட மாட்டாள் சேர். மவுறீன் ஆஸ்பத்திரியில நினைவில்லாமக் கிடந்த நேரம், பியோனாவ நான்தான் என்ட கையால மண்ணுக்குள்ள வெச்சன். மவுறீன் கண் முழிச்ச உடனே புள்ள எங்க எண்டுதான் கேட்டாள். வாய் வரல்ல. கிடைக்கல்ல எண்டு சொல்லிட்டன். ஊருக்கும் அதையேதான் சொன்னன். பிறகு எப்படி மாத்திச் சொல்லுற?”



பாணோடு வந்த மவுறீன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன கதைக்கிறீங்க?”

ஹேர்பர்ட் வாய் திறக்குமுன் வினாயகமூர்த்தி முந்திக்கொண்டார்.

“என்ட மெஷின்லயும் அடிச்சுப் பாத்தன் தங்கச்சி. உங்கட மகள்தான் முதலாவது.”