நான்காவது அலறல்

இத்தாலியின் டூரின் நகரத் திரைப்படக் கழகத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம். பழைய ஜாலோ கொலைப் படமொன்றைத் திரையிடுமுன் கழகத்தை நடத்தும் ஒத்தாவியோ வழக்கம்போல வாய் ஓயாமல் அறிமுகம் செய்தார். கறுப்புக் கையுறை, சவரக்கத்தி, கடைசிவரை முகம் காட்டாத கொலைகாரன்.

"இந்தப் படங்களை மைக்கே இல்லாமத்தான் எடுப்பாங்க. சத்தமெல்லாம் அப்புறமா ஸ்டுடியோவுல சேர்க்கிறது. இதுல சாகற நாலு பொண்ணுங்களுக்கும் அலறினது யாரு தெரியுமா? கடைசி வரிசையில இருக்காங்களே, நம்ம எர்சீலியா அம்மா!"

எல்லோரும் கைதட்டினார்கள். எண்பதைத் தாண்டிய எர்சீலியா தலையசைத்து மறுத்தாள்.

"மூணு பேருக்குத்தான் தம்பி. நாலாவது கொலை ஸ்டுடியோவுக்கு வரும்போதே அலறலோடதான் வந்துச்சு."

"மைக் இல்லாமலா? நல்லா கதை விடறீங்க!" சிரித்துக்கொண்டே வந்து அவளருகில் அமர்ந்தார் ஒத்தாவியோ. விளக்குகள் அணைந்தன.

முதல் மூன்று கொலைகளுக்கும் எர்சீலியாவின் உதடுகள் பழக்கத்தில் சத்தமின்றித் திறந்து மூடின. நான்காவது பெண் கண்ணாடி முன் தலைவார உட்கார்ந்ததும், எர்சீலியா உதடுகளை இறுக்கிக்கொண்டு ஒத்தாவியோவின் கையைப் பிடித்தாள். திரையில் கையுறை அந்தப் பெண்ணின் வாயைப் பொத்தியது.

அலறல் கேட்டது. ஒலிபெருக்கிகள் திரையின் இருபுறமும் இருந்தன. அலறலோ கடைசி வரிசைக்கும் பின்னாலிருந்து வந்தது. அங்கே வெறும் சுவர்தான்.

முன்னால் இருந்தவர்கள் படத்தை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அத்தனை கண்களும் ஒத்தாவியோவின் தோளுக்கு மேலே நிலைத்துப்போயின.

"திரும்பாதப்பா" என்றாள் எர்சீலியா மெல்ல. "அன்னிக்கு ஸ்டுடியோவுல அவ இவ்வளவு கிட்ட வரல."