அதிகம் கேட்பவருக்கே வீடு

“முதல்ல இந்த வீட்டை விட்டு உங்களை வெளியேத்தணும், ரூனே” என்றாள் இல்வா.

“விக்கிறதுக்கு முன்னாடியேவா?” என்று சிரித்தார் ரூனே.

“உங்களைன்னா, சுவர்ல இருக்கற குடும்பப் படம், குளியலறையில டூத் பிரஷ், ஃபிரிட்ஜ் கதவுல பேரப்பிள்ளைங்க கிறுக்கல், எல்லாத்தையும். வர்றவங்க இதை அடுத்தவர் வீடுன்னு நினைக்கக் கூடாது.”

விற்கப்போகிற வீட்டை அலங்கரித்துக் கொடுப்பது இல்வாவின் தொழில். அவள் கை பட்ட வீடு சுவீடனின் உப்சாலா நகரத்தில் விலை போகாமல் நின்றதில்லை என்று பெயர். ஞாயிறன்று வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள், இன்று வியாழன். அவளுடைய வேனிலிருந்து வெள்ளைத் திரைச்சீலை, ஆட்டுத்தோல் விரிப்பு, ஆர்கிட் செடி, ஒரு கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம் என்று இறங்கிக்கொண்டே இருந்தன.

“இத்தனை பழத்தை யார் பிழியறது?”

“யாரும் பிழியக் கூடாது. சும்மா அழகா உக்காந்திருக்கணும்.”

“ரிட்டயர் ஆனதுலேர்ந்து நானும் அதைத்தான் செய்யறேன். எனக்கு யாரும் கிண்ணம் தரலையே.”

வெள்ளை பெயின்ட் அடிப்பதற்காகச் சமையலறை அலமாரிகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த மகள் மாலின் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. விடுமுறை எடுத்து உதவ வந்தவள், காலையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அலமாரியின் பழுப்பு நிறத்துக்கு என்ன குறை என்றாள். வெள்ளைத் திரைச்சீலை வீண் செலவு என்றாள். அவள் கை தேய்த்த வேகத்தில் அலமாரி வெளுக்க ஒரு மாதம் ஆகும்.

அவள் பரணுக்குப் பெட்டி எடுக்கப் போனதும் இல்வா மெல்லக் கேட்டாள்.

“உங்க பொண்ணுக்கு விக்கிறதுல இஷ்டமே இல்ல போலிருக்கே?”

“பொறந்து வளர்ந்த வீடு. அப்படித்தான் இருக்கும்.” ரூனே குரலைத் தாழ்த்தினார். “ஆனா விக்கிறதே அவளுக்காகத்தான். ரெண்டு பிள்ளைங்களோட ரெண்டு ரூம் வாடகை வீட்ல நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கா. எனக்கு ஒரு சின்ன ஃபிளாட் போதும், மிச்சம் அத்தனையும் அவளுக்கு. ஆஸ்பத்திரி பக்கத்துல தோட்டத்தோட ஒரு வீடு வாங்கிக்கட்டும். இப்பவே சொன்னா, ‘உங்க பணம் எனக்கு வேண்டாம்’னு குதிப்பா. கையெழுத்து ஆனதும் சொல்லிக்கறேன். அதனாலதான் சொல்றேன், விலை ஏறணும். அது உங்க கையிலதான் இருக்கு.”

இல்வா இன்னும் இரண்டு விளக்குகளை வேனிலிருந்து கொண்டுவந்தாள்.

பரணிலிருந்து இறங்கிய மாலின், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் அருகே வந்து நின்றாள்.

“அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

அதற்குள் பக்கத்து வீட்டு ஸ்டூரே வேலியைத் தாண்டி வந்து ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“ரூனே, என் தம்பி மகன் வீடு தேடறான். நமக்குள்ளதானே, பார்த்துக் குறைச்சுக் குடேன்.”

“சொந்தமோ, நட்போ, யாருக்கும் சலுகை கிடையாது, ஸ்டூரே. ஏலத்துல யாரு அதிகம் கேக்கறாங்களோ அவங்களுக்குத்தான் வீடு” என்றார் ரூனே, தெருவுக்கே கேட்கும்படி. மகளுக்குப் போகிற பணத்தில் அடுத்தவனுக்கு எதற்குத் தள்ளுபடி? ஸ்டூரே முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

“என்னமோ கேக்கணும்னியே?”

“ஒண்ணுமில்லப்பா. பெயின்ட் அடிச்சே ஆகணுமான்னு கேக்க வந்தேன்.” உப்புத்தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

ஞாயிறன்று, வீட்டுக்காரர் அங்கே நிற்கக் கூடாது என்பதால், ரூனே ஃபிளாஸ்க்கில் காப்பியோடு ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது, பார்க்க வந்தவர்கள் கழற்றிப்போட்ட, காலணிமேல் மாட்டுகிற நீல நிற பிளாஸ்டிக் உறைகள் கூடை நிறையக் கிடந்தன. அவர் மனம் குளிர்ந்துபோயிற்று.

திங்களன்று ஏலம் தொடங்கியது. கேட்பவர்களுக்குப் பெயர் கிடையாது, வெறும் எண்தான். ஒவ்வொரு தொகையும் கைப்பேசியில் வந்து விழ விழ, ரூனே மகளுக்கு ஃபோன் போட்டார்.

“மாலின், ஒண்ணும் ரெண்டும் காலையிலேயே ஓடிப்போச்சு. இப்ப மூணுக்கும் நாலுக்கும்தான் சண்டை. இந்த மூணாம் நம்பர் இருக்கே, சரியான கஞ்சன். நாலாம் நம்பர் லட்சம் லட்சமா ஏத்துது, இது பத்தாயிரம் பத்தாயிரமா நகருது. ஆனா விடமாட்டேங்குது.”

“அப்படியா” என்றாள் மாலின். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது.

செவ்வாய் மாலை மறுபடி கூப்பிட்டார். “மூணாம் நம்பர் கழண்டுகிச்சு. பாவம், நாக்கு தள்ளியிருக்கும்.”

“ஆமாப்பா, தள்ளியிருக்கும்” என்றாள். பிறகு, “நல்ல விலை வந்துச்சா? உங்களுக்கு சந்தோஷம்தானே?” என்று கேட்டாள்.

“ரொம்ப சந்தோஷம்மா.”

புதன்கிழமை தரகரின் அலுவலகத்தில், நாலாம் எண்ணான இளம் தம்பதியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். இனி மாற்ற முடியாது. இங்கிருந்து நேரே மாலின் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்தபோதே அவருக்குக் கண் கலங்கியது.

“இது உங்களுக்கு” என்று தரகர் ஒரு தாளை நீட்டினார். ஏலம் முடிந்த பிறகு, கேட்டவர்கள் எல்லோருடைய பெயரும் கைப்பேசி எண்ணும் அடங்கிய பட்டியலை விற்றவருக்குக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம்.

அந்தக் கஞ்சன் யாரென்று பார்க்கும் ஆசையில் ரூனே கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை மூன்றாவது வரிக்கு நகர்த்தினார். பெயரைப் படிக்கும் முன்பே அதற்கு எதிரே இருந்த கைப்பேசி எண் கண்ணில் பட்டது. இரண்டு நாளாக ஏலத்தின் நிலவரத்தைச் சொல்ல அவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது அதே எண்ணைத்தான்.